துரைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி

பழைய ஊர்களின் சரித்திரம் தேடுகிற வேலையில் படிப்பு குறைவாக இருந்தால் சமாளித்துவிடலாம், கூச்சம் அதிகமாக இருந்தால்தான் கஷ்டம். எனக்கு இரண்டும் உண்டு. எட்டாவது வரை படித்தவன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், செய்து வரும் பாகங்களை அளந்து பார்த்து நல்லதைத் தனியாக எடுத்து வைக்கும் இன்ஸ்பெக்டர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். மகளை மைசூரில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அங்கே போனால் மற்றவர்கள் அரண்மனையைப் பார்ப்பார்கள், நான் வெள்ளைக்காரர் காலத்துக் கல் வேலைகளை அளந்துகொண்டிருப்பேன். விளக்குக் கம்பத்தின் பீடம், மைல் கல், வண்டிக் குதிரைகளுக்குத் தண்ணீர் வைத்த தொட்டி. சட்டைப் பையில் டேப்போடு அலைகிற ஆட்கள் யாராவது இதைப் படித்தால், இதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும்.

கெடு

தளி சாலையில் ராஜம்மாவின் டீக்கடையை ஒட்டி ஒரு கருங்கல் தொட்டி உண்டு. ராஜம்மா அதில்தான் கிளாஸ் கழுவுவாள். போன வருஷம் அந்தப் பக்கம் சாக்கடைக் கால்வாய் வேலை வந்தது. தொட்டி வழியில் இருக்கிறது, உடைத்துவிடுவோம் என்றார் வேலையைப் பார்த்துக்கொண்ட சூப்பர்வைசர் முருகேசன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல பிள்ளை.

இது மைசூர் போகும் பழைய பாதை, இது குதிரைத் தொட்டி, உடைக்கக் கூடாது என்றேன். அதைச் சொல்வதற்கே எனக்கு இரண்டு டீ தேவைப்பட்டது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர், "அது சாயம் முக்கற தொட்டிங்க" என்று ஒரு போடு போட்டார். முருகேசன் இருவரையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பழசுங்கதுக்காவ விட முடியாது சார், நான் குடியிருக்க வாடகை வீடும் பழசுதான். குதிரைத் தொட்டின்னு காட்டுங்க, க்ரேன் வச்சுத் தூக்கி ஓரமா வைக்கேன். கால்வாய் டீக்கடைக்கு வாரதுக்குள்ள காட்டணும்."

டேப்பை எடுத்தால்

மறுநாள் காலை பஸ்ஸிலேயே மைசூர் போனேன். மார்க்கெட்டின் பின் சந்தில் எனக்குத் தெரிந்த ஒரு குதிரைத் தொட்டி இருந்தது. குனிந்து டேப்பை நீட்டியதும் சந்தே அமைதியாகிவிட்டது. ரோட்டை அகலப்படுத்த ஆள் வந்துவிட்டான் என்று நினைத்துவிட்டார்கள். பூக்கடைக்காரம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். காபி வந்தது. நான் முனிசிபாலிட்டி ஆள் இல்லை என்று கன்னடத்தில் சொன்னேன். அப்படிச் சொல்கிறவன்தான் பெரிய அதிகாரி என்பது அந்தச் சந்தின் முடிவு. வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுக் காபியைக் குடித்தேன்.

மேல் அளவெல்லாம் எங்கள் தொட்டியோடு ஒத்துப்போனது. ஆனால் அடிப்பாகம் சிமெண்ட் தரைக்குள் புதைந்திருந்தது. மேல் அளவு மட்டும் ஒத்துப்போனால் சாயத் தொட்டிக்கும் ஒத்துப்போகலாமே. அடியைப் பார்க்காமல் ஒரு பாகத்தை நல்லது என்று எடுத்து வைத்தவன் இல்லை நான். யோசனையோடு எழுந்தபோது பூக்கடைக்காரம்மா என் கையில் ஒரு முழம் மல்லிகையைத் திணித்து மெதுவாகச் சொன்னார்: "எங்க கடைப் பக்கம் மட்டும் அரை அடி கம்மியா எழுதிக்குங்க சார்."

துரை நகரவில்லை

பிறகு பழைய படங்கள் வைத்திருக்கும் ஒரு நூலகத்துக்குப் போனேன். அங்கே ராவ் என்று ஒருவர், தமிழ் நன்றாகப் பேசுவார். என்ன வேண்டும் என்றார். குதிரைத் தண்ணீர்த் தொட்டி என்றேன். மன்னர், தசரா, யானை என்று கேட்டு வருகிறவர்களைப் பார்த்தே பழகியவர். கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஆனாலும் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

ஒரு படத்தில் தொட்டி அருமையாக விழுந்திருந்தது. குதிரை வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அதன் முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை, முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிறார். எனக்கு வேண்டிய அடிப்பாகம் சரியாக அந்தப் பூட்ஸுக்குப் பின்னால். படத்தைச் சாய்த்துப் பார்த்தேன், பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். என்னை அறியாமல் என் உடம்பு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. ராவ் சிரித்துவிட்டார். "எல்லாரும் அந்தத் துரையைப் பார்க்க வர்றாங்க, நீங்க ஒருத்தர்தான் அவரை நகரச் சொல்றீங்க."

பாஷா பாய் கேட்ட கேள்வி

துரையிடம் தோற்றுப்போய் வெளியே வந்தால், சுற்றுலாக்காரர்களை ஏற்றும் குதிரை வண்டி ஒன்று நின்றது. ஓட்டுகிறவர் பாஷா பாய். என்னைவிட வயதில் மூத்தவர். அடிவரை தெரிகிற குதிரைத் தொட்டி எங்கேயாவது இருக்கிறதா என்று அவரிடம் கேட்டதும், "ஏறுங்க" என்றார். பழைய வண்டி ஸ்டாண்டுக்குப் பின்னால், மண் அரித்துப்போன இடத்தில், ஒரு தொட்டி அடிவரை வெளியே தெரிய நின்றது. அதன் காலடியில், தரையோடு தரையாக, சின்னதாக இன்னொரு குழி செதுக்கியிருந்தது. மேல் தொட்டி நிரம்பினால் தண்ணீர் ஒரு துளை வழியாக அதில் இறங்கும்.

"வண்டிக்காரர் கால் கழுவுறதுக்குங்களா?" என்றேன். பாஷா பாய் குதிரையைப் பார்த்தார், குதிரை என்னைப் பார்த்தது. பிறகு பொறுமையாகச் சொன்னார்: "குதிரைக்கு மேல தண்ணி வெச்சுட்டாங்க, சரி. வண்டி பின்னாடியே ஓடி வர்ற நாய் என்ன பெட்ரோலா குடிக்கும்?"

சாட்சி

நான் திரும்பி வந்த அன்று ஜேசிபி டீக்கடைக்கு அடுத்த கடை வரை வந்துவிட்டிருந்தது. தொட்டியைச் சுற்றி மண், பழைய டீத்தூள், உடைந்த கிளாஸ். நேராகப் போய் உட்கார்ந்து ராஜம்மாவின் தேங்காய் உடைக்கும் கத்தியால் தோண்டினேன். பத்துப் பேர் பார்க்க நடுரோட்டில் உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "இன்ஸ்பெக்டர் அண்ணா, வேட்டியெல்லாம் போச்சே" என்றாள் ராஜம்மா. பஞ்சர் கடைக்காரர், "புதையல்னா எனக்கும் பங்குங்க" என்றார். டிரைவர் ஜேசிபியை ஆஃப் பண்ணிவிட்டு பீடி பற்றவைத்தார்.

ஒரு முழம் போனதும் கத்தி கல்லில் தட்டியது. விரலால் வழித்தேன். சின்னக் குழி. துளையும் இருந்தது, டீத்தூள் அடைத்துக்கொண்டு. குச்சியால் குத்தி விட்டேன். முருகேசனிடம் பாஷா பாய் சொன்னதைச் சொன்னேன். அவர் நம்புவதா வேண்டாமா என்று தாடையைச் சொறிந்தார். சாயம் முக்குகிறவன் எதற்கு இப்படி ஒரு குழி வெட்டப் போகிறான் என்று நான் கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. ராஜம்மா அதற்குள் ஒரு குடம் தண்ணீரை, முக்கால்வாசி நிறைந்திருந்த மேல் தொட்டியில் சாய்த்துவிட்டாள். தண்ணீர் துளை வழியாகக் கீழே இறங்கிக் குழியை நிரப்பியது. கடை பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த செவலை நாய் எழுந்து, சோம்பல் முறித்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அதில் நக்கி நக்கிக் குடித்தது.

பஞ்சர் கடைக்காரர் கூட குனிந்து எட்டிப் பார்த்தார். முருகேசன் போனை எடுத்தார். "சாட்சியே நேர்ல வந்து சொல்லிட்டு சார். க்ரேனுக்குச் சொல்லுதேன்."

மைசூர் ராஜாவைப் பற்றியும் அந்தத் துரையைப் பற்றியும் எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, ஆனால் அவர்கள் காலத்து நாய்க்கு எவ்வளவு உயரத்தில் தண்ணீர் எட்டியது என்று யாராவது கேட்டால் அளவோடு சொல்வேன்.