ஃபர்ஹானா எழுதாமல் விட்ட வரி

லூர்துமேரியை அவள் புருசன் தேவா அடித்தது ஏப்ரல் இருபத்துநாலாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழே காலுக்கு. உப்பு வாரும் பலகையின் காம்பால் அடித்தான். பாத்தி வரப்பில் விழுந்தவளுக்கு மண்டையில் ஒன்பது தையல். இடது முன்கை எலும்பு இரண்டு துண்டு. பிளந்த தலையோடு உப்புத் தண்ணீரில் கிடந்து அவள் போட்ட அலறல் மெயின் ரோடு வரை கேட்டது.

அந்த அடிக்குத் தானும் ஒரு காரணம் என்பது ஒன்பது மணிக்கு ஃபர்ஹானாவுக்குத் தெரிந்தது.

ஃபர்ஹானாவுக்கு முப்பத்தொரு வயது. மரக்காணத்தில் பிறந்து திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். கணவன் முனீர் சவூதியில், தம்மாமில் டிரைவர். உப்பளப் பெண்கள் சங்கத்தில் அவளுக்கு ஆறு வருட வேலை. வீட்டில் அடி வாங்கும் பெண்கள் எழுதிப் போடுவதற்காகச் சங்கம் ஒரு வாட்ஸ்அப் நம்பர் வைத்திருந்தது. அதில் பதில் சொல்வது ஒரு ஏஐ. புகாரைப் பதிவது, செய்தி அனுப்புவது, தப்பி வந்தவர்கள் தங்கும் வீட்டின் முகவரி கொடுப்பது என்று அதன் கையில் ஏழு கருவிகள். எந்தக் கருவி என்ன செய்யும், எப்போது எடுக்கலாம் என்ற குறிப்பைப் படித்துத்தான் அது ஒன்றை எடுக்கும். அந்தக் குறிப்புகள் ஃபர்ஹானா எழுதியவை.

செய்தி அனுப்பும் கருவிக்கு ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: ‘உறுப்பினரின் பதிவு எண்ணுக்குத் தகவல் அனுப்பும்.’

லூர்துமேரி அன்று காலை ஆறே முக்காலுக்கு, உப்பளத்தில் தோழி சகாயசெல்வியின் போனை வாங்கித் தன் பேரைச் சொல்லி எழுதினாள். ஏஐ புகாரைப் பதிந்தது. பதிந்துவிட்டோம் என்று பதிவு எண்ணுக்கு ஒழுங்காகச் சொல்லியும் விட்டது. அந்த எண் தேவாவுடையது.

உப்பளத்துப் பெண்களில் பாதிப் பேர் சங்கத்தில் சேரும்போது கொடுத்தது புருசன் நம்பர். வீட்டுக்கு ஒரு போன்தானே. இது ஃபர்ஹானாவுக்குத் தெரியாதா? அவள் வீட்டு கேஸ் சிலிண்டரே முனீர் நம்பரில்தான் இருக்கிறது. ஊருக்கே தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் அந்த ஏஐ இந்த ஊரில் பிறந்து வளர்ந்ததா என்ன?

மதியம் லூர்துமேரியைக் கட்டோடு கூட்டிப்போய் வானூர்ப் பக்கம் சங்கத்தின் வாடகை வீட்டில் வைத்தார்கள். தேவா போலீஸ் கையில் சிக்கவில்லை. “எங்க ஒளிச்சாலும் தேடி வந்து வெட்டுவேன்” என்று ஆஸ்பத்திரி வாசலில் கத்திவிட்டு ஓடியிருந்தான்.

“அந்தச் சனியன மொதல்ல ஆஃப் பண்ணு” என்றாள் சங்கச் செயலாளர் தனக்கோடி.

“ஆஃப் பண்ணிட்டா அடுத்து அடி வாங்குறவ யாருக்குக்கா எழுதுவா? உங்களுக்கா? நீங்க எட்டு மணிக்கே போன சைலண்ட்ல போட்டுடுவீங்க.”

“வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. சீக்கிரம் செய்.”

செய்திக் கருவியின் குறிப்பை ஃபர்ஹானா முதலில் மாற்றினாள். பிறகு முகவரிக் கருவியைத் திறந்தாள். ‘புகார் கொடுத்தவர் கேட்டால் தங்கும் வீட்டின் முகவரியைத் தரும்.’ புகார் கொடுத்தவர் யார்? இந்தக் கருவியைப் பொறுத்தவரை அது ஒரு போன் நம்பர். போன் கை மாறாதா?

பழைய வரியை அழித்துவிட்டு எழுதினாள்: ‘செய்தியில் கேட்டதும் முகவரியைத் தராதே. எழுதுவது யார் என்று உனக்குத் தெரியாது. அடித்தவன் கையிலேயே அந்தப் போன் இருக்கலாம். ஊழியர் கூப்பிட்டுக் குரலை உறுதி செய்த பிறகே இந்தக் கருவியை எடு. சந்தேகம் இருந்தால் எடுக்காதே. கூப்பிட்டுப் பேசுவோம் என்று மட்டும் சொல்.’

சேமித்தபோது மணி மூன்று முப்பத்தெட்டு.

நாலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் சங்க அலுவலகக் கதவை உதைத்துத் திறந்தான் தேவா. வலது கையில் இரும்புக் கம்பி. இடது கையில் சகாயசெல்வியின் போன். அதன் கண்ணாடியில் ரத்தம் ஒட்டியிருந்தது. போனைத் தர மறுத்தவளின் உதட்டைக் கிழித்துவிட்டு வந்திருந்தான்.

“நான்தான் லூர்து, அட்ரஸ் குடுன்னு பத்து தடவ கேட்டுட்டேன். கூப்புட்டுப் பேசறோம், கூப்புட்டுப் பேசறோம்னே சொல்லுது. நீ சொல்லுடி!”

“தெரியாது” என்றாள் ஃபர்ஹானா.

கம்பி கம்ப்யூட்டரை நொறுக்கியது. அடுத்த வீச்சுக்கு அவள் வலது கையைத் தூக்கினாள். இரண்டு விரல்கள் முறிந்தன. அடுத்தது தோளில். சுவரோடு சரிந்தபோதும் “தெரியாது” என்றுதான் சொன்னாள். தனக்கோடி தண்ணீர் கேனைத் தூக்கி அவன் முதுகில் எறிந்தாள். எதிர் டீக்கடையிலிருந்து ஐந்து பேர் ஓடிவந்து அவனைத் தெருவில் போட்டு மிதித்தார்கள். முன்பல் இரண்டு தெறித்தது. “போதும்டா, செத்துடுவான்!” என்று தனக்கோடிதான் குறுக்கே விழுந்து தடுத்தாள். பிறகு போலீஸ் வந்தது.

அவனுடைய முதல் செய்தி மூன்று நாற்பத்தொன்றுக்கு வந்திருந்தது.

சனிக்கிழமை, விரல்களில் கட்டோடு ஃபர்ஹானா வானூருக்குப் போய், புதிய குறிப்பை லூர்துமேரிக்குப் படித்துக் காட்டினாள். லூர்துமேரி வீங்கிய கண்ணோடு கேட்டாள்.

“குரலக் கேட்டா போதுமா? அவன் கத்திய கழுத்துல வச்சிக்கினு, பேசுடின்னு சொன்னா?”

ஃபர்ஹானா போனைக் கீழே வைத்தாள்.

“நான் நல்லா இருக்கேன், அட்ரஸ் குடுங்கன்னுதான் சொல்வேன். எங் குரல்தான் அது.”

“அப்போ என்னக்கா எழுதறது?”

“சேரும்போதே ஒவ்வொருத்தியையும் ஒரு கேள்வி சொல்லச் சொல்லு. நீங்க கூப்புடும்போது அதத்தான் கேக்கணும். வேல பத்துன கேள்வியா இருக்கட்டும், பக்கத்துல இருக்கறவனுக்குச் சந்தேகம் வராது. அவன் கூட இருந்தா ஒரு பதிலு, இல்லன்னா வேற பதிலு. எங்கேள்விய இப்பவே சொல்றேன், எழுதிக்கோ.”

ஃபர்ஹானா இடது கையால் போனை எடுத்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தொடங்கினாள்.