அழாத முகம்

நான்கு வருஷம் சென்னையில் சேலைக் கடை விளம்பரங்களுக்கும் காலண்டர்களுக்கும் நின்றிருக்கிறேன். அங்கே நான் அதிகம் கேட்ட வார்த்தை, "அசையாதீங்க." எழுபதுகளின் கடைசியில் முதல் பட வாய்ப்பு வந்தது. ஜவ்வாது மலையில் படப்பிடிப்பு. அடிவாரத்தில் இருக்கும் படவேட்டில் தங்கி, தினமும் காலையில் ஜீப்பில் மேலே போவோம்.

மூன்றாம் நாள், என் கணவன் செத்துக் கிடக்கும் காட்சி. சாமைக் கொல்லையை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில் மலைப் பெண்கள் பத்துப் பேரை ஒப்பாரிக்கு உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் நான். கிளிசரின் போட்டதில் கண் எரிந்ததே தவிர முகம் அசையவில்லை. ஐந்தாவது டேக் முடிந்ததும் டைரக்டர் பக்கத்தில் வந்தார்.

"என்னம்மா இது? புருஷன் செத்துக் கிடக்கிறான். நீ போட்டோவுக்கு உக்காந்த மாதிரி இருக்கே."

அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. "சரி சார்" என்றேன்.

ஆறாவது டேக்கில் என் வலப்பக்கம் இருந்த பெண் திடீரென்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எஞ்சாமி, என்ன வுட்டுட்டுப் போய்ட்டியே" என்று அலறினாள். கட் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. இரண்டு பேர் அவளை மர நிழலுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள்.

அந்த வீட்டுக்கார அம்மாவிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அத்த ஏம்மா கேக்குற. போன மாசம் அவ புள்ள செத்துப் போச்சி. ஜொரம். பஸ்சு வர்றதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சி. அன்னிக்கி இவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல."

ஒரு சொம்பு தண்ணீரோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் வேலைய கெடுத்துட்டேனாம்மா?"

"இல்லக்கா."

"நீ ஏன் அழல?"

"வரலக்கா."

தலையை ஆட்டினாள். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் பிள்ளையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

டைரக்டர் ஏழாவது டேக் எடுக்கவில்லை. படத்தில் அந்த ஆறாவதுதான் வந்தது. கதறும் அவளுக்குப் பக்கத்தில் கல்லாய் நான். துக்கத்தை உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்ட நடிப்பு என்று பத்திரிகைகள் எழுதின. வீட்டுக்கு வந்து பாராட்டியவர்களிடம் நான் எதையும் மறுத்துச் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளே போய் காபி போட்டுக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஆறேழு வருஷம் விதவை, கைவிடப்பட்ட மனைவி, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்று வேஷங்கள் தொடர்ந்து வந்தன. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சேலைக் கடைக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். திரையில் வெள்ளைச் சேலை கட்டியவள் முகூர்த்தப் பட்டுக்கு ஆகமாட்டாளாம். அதைச் சொல்ல வந்த கடை மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பரவாயில்லை என்று சொல்லி, அவரை வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தேன்.