காய்ச்சல் விட்ட நாள்

மதினி ஈரத்தலையில் துண்டு சுற்றிக்கொண்டு சிரிக்கும் படம் ஒன்று என் செல்போனில் இருக்கிறது. அனுப்பியவர் அண்ணன். காய்ச்சல் விட்டதும் வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றி, ரசஞ்சோறு போட்டுவிட்டால் நோய் போய்விட்டது என்பது எங்கள் மன்னவனூர்ப் பக்கத்துக் கணக்கு. படத்தைப் பார்த்து நானும் 'சூப்பர் மதினி' என்று பதில் போட்டேன். மறுநாள் சாயங்காலம் அவர் உயிரோடு இல்லை.

நான் கொடைக்கானலில் ஒரு லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவன். எங்கள் குடும்பத்துக்கு நான்தான் பாதி டாக்டர். அந்தப் பெருமை எனக்கும் தலைக்கேறியிருந்தது. மதினிக்கு அய்யம்பாளையம் தாய்வீடு. இரண்டு வருஷம் முன்பு அங்கே டெங்கு வந்து பிழைத்தவர். இந்த முறையும் அங்கே தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பிய சில நாளில் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரட்டுமா என்று அண்ணன் போனில் கேட்டார். பூண்டு எடுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். "ஒருக்க வந்தவங்களுக்கு உடம்புல எதிர்ப்புச் சக்தி இருக்கும்ணே. டெங்குவே திரும்ப வந்தாலும் லேசா வந்துட்டுப் போயிரும்" என்றேன். அம்மையைப் போலத்தான் இதுவும் என்று என் நினைப்பு. போனைப் பிடுங்கி மதினி சிரித்தார்: "கொழுந்தனாரே சொல்லிட்டாரு, அப்புறமென்ன? எனக்குக் காட்டுல சோலி கெடக்கு."

தலைக்கு ஊற்றிய மறுநாள் வெள்ளனே பூண்டுக்காட்டுக்குப் போய்விட்டார். அங்கே வயிறு வலித்திருக்கிறது, வாந்தி எடுத்திருக்கிறார். ரசம் சேரவில்லை என்று நினைத்தார்கள். கை சில்லிட்டிருந்ததாம். மன்னவனூர்க் குளிரில் யார் கைதான் சில்லென்று இல்லை? ஜீப் கொடைக்கானல் வந்து சேர்ந்தபோது டாக்டருக்கு நாடி அகப்படவில்லை.

ரத்தத்தில் டெங்கு என்று வந்தது. டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். டெங்குவில் நான்கு வகை உண்டாம். ஒரு வகைக்காக உடம்பு உண்டாக்கி வைத்த காவல், வேறு வகை வரும்போது அதைத் தடுக்காமல் உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடவும் கூடுமாம். அப்புறம் உடம்பு மூர்க்கமாக எதிர்க்கிற எதிர்ப்பிலேயே ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். அதுவும் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான். "ரெண்டாவது தடவைதான் ரொம்பக் கவனமா இருக்கணும். லேப்ல இருக்கீங்க, தெரியாதா?" என்றார். தெரியாது. த்தூ, என்ன படித்துக் கிழித்தேன்! ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்க்கிற நான், மதினியிடம் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கவில்லை.

அண்ணன் பூண்டு போடுவதையே விட்டுவிட்டார். "நான்தாம்ல அவள தலைக்கு ஊத்தச் சொன்னேன். நான்தாம்ல கொன்னுட்டேன்" என்று என் தோளில் சாய்ந்து அழுதார். முதுகைத் தடவிக்கொடுத்தேன். டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. இன்றுவரை வாய் வரவில்லை.

போன வாரம் போன் செய்தார். மகளுக்குக் காய்ச்சலாம். அலறிவிட்டேன். "இப்பவே கூட்டிட்டு வாங்கண்ணே, வெரசா!"

"பதறாதலே, இந்தாக் கெளம்பிட்டோம்" என்றார் அண்ணன். "நீ சொல்லி என்னைக்குத் தப்பாப் போயிருக்கு?"