இன்னொரு காது

என் தங்கை மகளுக்குக் காது குத்த நாள் குறித்ததும் வீடே குதூகலமாகிவிட்டது. எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. என் வயிறு பிசைவதற்குக் காரணம் எதுவும் தேவையில்லை, அது தனிக்கதை. ஆனால் அன்றைக்குக் காரணம் இருந்தது. கோயில் இருப்பது கல்வராயன் மலைமேல். மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம். வேன் வைத்துக்கொண்டு போக வேண்டும், பாதை முழுக்க வளைவு. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அவளுக்கு இருக்கும் ஒரே தாய்மாமன் நான்தான்.

எனக்குப் பெருங்குடலில் புண். கள்ளக்குறிச்சியில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தேன். வலியும் ரத்தமும் ஆரம்பித்தபோது, குடலேற்றம் என்று சொல்லி விளக்கெண்ணெய் தடவி வயிற்றை உருவிவிட்டார்கள் சொந்தக்காரர்கள். உருவ உருவ நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, "பாத்தியா, எறங்குது" என்று சந்தோஷப்பட்டார்கள். கடைசியில் புதுச்சேரியில் ஒரு டாக்டர் கேமரா விட்டுப் பார்த்து, இது முழுசாகப் போகாது, அடங்கும், திரும்பக் கிளம்பும், மாத்திரையை நிறுத்தாமல் இதோடு பழகிக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்புறம், என் சொந்தக்காரர்களோடு பழகியவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று தேற்றிக்கொண்டேன்.

வலி வந்தால் அடிவயிற்றில் ஈரத்துணியைப் பிழிவது மாதிரி இருக்கும். பிழிந்த கையோடு ஓட வேண்டும். ஓட இடம் எங்கே என்ற பயம்தான் வலியைவிடப் பெரிய வலி. அதனால் இந்தப் பக்கத்து ஊர்களை நான் தெரிந்துவைத்திருக்கிற விதமே வேறு. திருக்கோவிலூர் என்றால் எல்லாருக்கும் கோயில் ஞாபகம் வரும், எனக்கு ஒரு பெட்ரோல் பங்க் ஞாபகம் வரும். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டில், எப்போது போனாலும் முகம் சுளிக்காமல் வீட்டுக்குள் விடுகிற ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் இருக்கிறார். அவர் நன்றாக இருக்க வேண்டும். மலையில் எனக்கு யாரைத் தெரியும்?

முறையெல்லாம் பார்க்க வேண்டாம், மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்திவிடுங்கள், நான் வரவில்லை என்று தங்கையிடம் சொன்னேன்.

"நீ வர்லன்னா காதுகுத்தே கெடையாது. எம்பொண்ணு வெறுங்காதோட காலேஜுக்குப் போவட்டும்" என்றாள். குழந்தை அப்போதுதான் நடை பழகியிருந்தது.

போனேன். டிரைவர் பக்கத்து சீட்டைப் பிடித்துக்கொண்டேன். வடக்கனந்தல் வரைக்கும் வயிறு சமர்த்தாக வந்தது. கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், நான் நினைத்ததும் தொடங்கியது. பின்னால் வேன் நிறைய ஜனம், பாட்டு, கும்மாளம். புதுச் சட்டைக்குள் எனக்கு வேர்த்து ஊற்றியது. அடுத்த வளைவு வரைக்கும், அதற்கடுத்த வளைவு வரைக்கும் என்று பல்லைக் கடித்துப் பார்த்தேன். முடியவில்லை. "வண்டிய ஓரங்கட்டுப்பா!" என்று கத்தியேவிட்டேன்.

பாட்டு நின்றது. எல்லார் கண்ணும் என் முதுகில். என் மனைவி மட்டும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். யாரையும் பார்க்காமல் இறங்கி உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் வேன் காலி. டிரைவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் புதரிலிருந்து தங்கையின் மாமியார் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"நல்லவேள நீ நிறுத்தச் சொன்ன தம்பி. வூட்ட வுட்டுக் கெளம்புனதுலேர்ந்து அடக்கிக்கினு ஒக்காந்துகினு இருக்கேன். பொம்பள எப்பிடி வண்டிய நிறுத்தச் சொல்றது?"

அவருக்குப் பின்னால் ஒவ்வொருத்தராக வந்தார்கள். வேன் பயணம் என்றால் விடியற்காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் கிளம்புவதுதான் எங்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உலகத்திலேயே இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! ரோட்டோரத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்தால் வயிறு வலிக்கும், அதையும் மீறிச் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்த வேன் நின்ற இடத்துக்கெல்லாம் நான் பொறுப்பில்லை.

கோயிலில் பொங்கல் பொங்கியது. குழந்தைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசினார்கள். மணையில் உட்கார்ந்து அவளை மடியில் வாங்கிக்கொண்டேன். காது குத்த வந்திருந்த பத்தர் கம்பியை எடுத்தார். முதல் காதில் குத்தியதும் வீல் என்று கத்தியவள், இரண்டு குதிகாலாலும் ஓங்கி உதைத்தாள். எங்கே உதைக்கக் கூடாதோ சரியாக அங்கே, அடிவயிற்றில். எனக்குக் கண் இருட்டியது. பத்தர் அடுத்த காதுக்குக் கையைக் கொண்டுவந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா பதறிவிட்டார். "மாமன் ஒக்காந்தா ரெண்டு காதும் முடியறவரிக்கும் எழுந்திரிக்கக் கூடாதும்மா. இன்னா இது? நல்ல நேரம் வேற போய்க்கினு இருக்கு. தம்பி, நீ வந்து ஒக்காரு." சித்தப்பா மகன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தான்.

"யாரும் ஒக்காரக் கூடாது" என்றாள் என் தங்கை. "போற நேரம் போவட்டும் மாமா. வேற நல்ல நேரம் வரும். எனக்கு வேற அண்ணன் வருமா?"

மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த வீட்டில் ஒரு மலைக்காரப் பெண் என்னைப் பார்த்ததும், எதுவும் கேட்காமல் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினார்.

உள்ளே குறுகி உட்கார்ந்திருந்தேன். மேளச் சத்தம் கேட்டது. முடித்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். பந்தியில் பாதியில் எழுந்திருக்கிறேன், சினிமாவில் எழுந்திருக்கிறேன், நண்பனுக்குத் தாலி கட்டும் நேரத்தில் எழுந்து ஓடியிருக்கிறேன். திரும்பி வந்தால் என் இடத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எழுந்து போனவனுக்காக யார்தான் காத்திருப்பார்கள்? ஆனாலும் அன்றைக்கு மட்டும் எனக்கு அழுகை வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தேன். மணை காலியாக இருந்தது.

போட்டது போட்டபடி எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பத்தர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மேளக்காரர்கள் குழந்தைக்கு வேடிக்கை காட்டத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒற்றைக் காதில் தோட்டோடு அவள் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். பெரியப்பா கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார். சித்தப்பா மகன் குச்சியோடு மணைக்குக் காவல் நின்றான்.

"ஆடு வந்து ஒக்காரப் பாத்துச்சி மாமா. நான் வுடல" என்றான்.

உட்கார்ந்தேன். குழந்தை பத்தரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அத்தனையும் இந்த மடியில்தான் நடந்தது என்று தெரிந்தும், வாழைப்பழக் கையோடு என்னிடமே தாவினாள். என் கண் நிறைந்துவிட்டது.

"இன்னும் வலிக்குதாண்ணா?" என்று தங்கை குனிந்து கேட்டாள்.

"வலிக்குதும்மா" என்றேன். அப்படி யாரிடமும் நான் சொன்னதில்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பத்தர் பக்கம் திரும்பினேன்.

"குத்துங்க."