ஒருத்தரும் வீடு தர மாட்டார்களாம்!

வேங்கிக்காலில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த மலர் ஒரு திருநங்கை. காலையிலிருந்து ரூம் தேடியும் கிடைக்கவில்லையாம். எனக்கு வந்ததே கோபம்! போனை எடுத்து, “இந்த ஊரில் திருநங்கைக்கு ஒருத்தரும் வீடு தர மாட்டார்கள்” என்று எல்லாரும் படிக்கப் போட எழுதி, முதலில் அவளிடமே காட்டினேன். அஞ்சாங்கிளாஸ் படிப்புக்கு நல்ல எழுத்துதானே!

மலர் சிரித்துவிட்டாள். “மூணு வீட்லதான், ஆயா, இல்லன்னாங்க. அவங்க சொன்னத அப்படியே எழுதுங்க. ஒருத்தரும்னு போட்டா யாரு நம்புவாங்க? உங்க வீட்டு மாடி ரூம் காலியா கெடக்குதுன்னு இப்பதான் சொன்னீங்க. உங்கள நான் இன்னும் கேக்கவே இல்லயே!”

“கேட்டுத்தான் பாரேன்!”

“குடுப்பீங்களா?”

“எங்கூடவே எறங்கு, சாவி தரேன்!”

நான் கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

எழுதியதை அழித்துவிட்டேன், அதைப் பொய்யாக்கியதே நான்தானே! இப்போது எழுதியிருப்பது இதுதான்: மூன்று வீட்டில் மறுத்தார்கள், ஒரு வீட்டில் கொடுத்தார்கள். உங்கள் மாடியும் காலியா? சொல்லுங்கள், இதையும் சந்தோஷமாகத் திருத்துகிறேன்.