அக்காவின் இரண்டாம் ஊசி

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவரைக் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். குத்தியதே தெரியாது, எழுந்து பார்த்தால் குழாய் நிறைந்திருக்கும். அவர் லீவு போட்ட நாட்களில் வாசல்வரை வந்தவர்கள், "கொசு இல்லையா? அப்ப நாளைக்கு வர்றேன்" என்று திரும்பிப் போவார்கள். பத்தொன்பது வருடத்தில் ஒருவருக்கும் அவர் இரண்டாம் முறை குத்தியதில்லை. அந்தப் பெருமை அவருக்கு உள்ளூர இருந்தது. அது முறிந்தது சொந்த அக்காவின் கையில்.

அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். கழுத்து கறுத்துக்கொண்டு வந்தது. சாப்பிட்டு உட்கார்ந்தால் கண் சொருகியது. சர்க்கரை பார்த்தால் சரியாகவே இருந்தது. டாக்டர், வெறும் வயிற்றில் ஒரு தடவையும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவையும் இன்சுலின் பார்க்கச் சொன்னார்.

"சர்க்கரைதான் சரியா இருக்கே, அப்புறம் என்னத்துக்குடா இது?" என்றாள் அக்கா.

"சரியா வச்சுக்க உடம்பு எவ்வளவு பாடுபடுதுன்னு அதுலதான் தெரியும். ஒருத்தர் தூக்குற மூட்டையை நாலு பேர் சேர்ந்து தூக்கினாலும் மூட்டை மேல வந்துடும் இல்ல? எத்தனை பேர் தூக்குறாங்கன்னு எண்ணிப் பார்க்கிற டெஸ்ட்."

"எங்க வீட்டுல மூட்டை தூக்க நான் ஒருத்திதான். நாலு பேரை எங்க போய்த் தேடுவே?"

காலையில் எடுத்தது சுலபமாக முடிந்தது. காத்திருக்கும் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, கொண்டுவந்த டப்பாவைத் திறந்தாள். பாதியில் மூடப் போனவளை அவர் விடவில்லை. "வழக்கமா சாப்பிடறதைச் சாப்பிடுக்கா. பயந்து குறைச்சா டெஸ்ட் பொய் சொல்லும்."

இரண்டு மணி நேரம் கழித்துக் குத்தியபோது நரம்பு நழுவியது. கூடவே வேலை பார்க்கும் பெண் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு முகம் சுட்டது. புறங்கையில் மெல்லிய நரம்பைப் பிடித்து மறுபடி குத்தி, ஊசிக்குழாயை அவசரமாக இழுத்து, ரத்தத்தைக் குழாய்க்குள் அழுத்தித் தள்ளினார். அப்படிச் செய்யக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவரே அவர்தான்.

"வலிச்சுதாக்கா?"

"கொசு கடிச்சா வலிக்குமா? போடா."

உறைந்த ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றி எடுத்தபோது, மேலே தெளிந்து நிற்கும் நீர் வெளிர்மஞ்சளாக இல்லை, இளஞ்சிவப்பாக இருந்தது. சிவப்பணுக்கள் உடைந்திருந்தன. உடைந்தால் அவற்றிலிருந்து வருவது இன்சுலினைத் தின்றுவிடும். எண் குறைவாக வரும். கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும் என்பது விதி. எத்தனையோ பேரை அவரே திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். ஆனால் அக்கா அரைநாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அது ஒரு காரணம். கொசு கெடுத்துவிட்டான் என்று அந்தப் பெண் முன்னால் சொல்ல வாய் வராதது இன்னொன்று. முதல் காரணத்தைத் தனக்குச் சொல்லிக்கொண்டு குழாயை உள்ளே அனுப்பினார்.

எண் வரம்புக்குள் வந்தது. டாக்டரும் பயமில்லை என்றார். "நான்தான் சொன்னேனே" என்று அக்கா சிரித்தாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே அவள் போகவில்லை. இரண்டு வருடம் கழித்து, ஒரு சட்டைக் காலரைத் தைத்துக்கொண்டிருக்கும்போது தையல் மெஷின்மேல் சாய்ந்தாள். மாரடைப்பு என்றார்கள். ஒரே ஒரு எண் யாரையும் கொன்றுவிடாது என்று அவருக்குத் தெரியும். அந்த எண் உள்ளபடியே கூடுதலாக வந்திருந்தால் அவள் மறுபடி டாக்டரிடம் போயிருப்பாள் என்பதும் தெரியும்.

போன வாரம் அக்காவின் மகள் அதே சோதனைக்கு வந்தாள். அதே கழுத்துக் கறுப்பு. பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள்.

"அம்மாவோட ரிப்போர்ட், மாமா. டாக்டர் கேட்டார். அம்மாவுக்கு இன்சுலின் சரியாத்தான் இருந்துச்சுன்னா எனக்கும் பெருசா இருக்காதுன்னு நினைக்கிறேன்."

அவர் கையில் பஞ்சு இருந்தது. வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். அந்தத் தாள் அக்காவை ஏமாற்றியது போதாதென்று இவளையும் ஏமாற்றப் புறப்பட்டிருந்தது.

"அதைக் காட்டாதே கண்ணு. அது பொய். நான் ரத்தத்தைக் கெடுத்துட்டேன். தெரிஞ்சே அனுப்பினேன்."

எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களும் கேட்டார்கள். அவள் தாளைப் பைக்குள் திணித்தாள். பிறகு மடித்துவிட்ட சட்டைக்கையோடு எழுந்து, கூட வேலை பார்க்கும் அந்தப் பெண்ணின் முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

அவர் சுழலும் இயந்திரத்தின் பக்கம் போய் நின்றார். அவளுடைய குழாய் வந்தது. சுழன்று நின்றதும் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். சுத்தமான வெளிர்மஞ்சள்.

போகும்போது அவள் கதவருகே நின்றாள்.

"அன்னிக்கு அம்மா வீட்டுக்கு வந்தப்போ புறங்கை நீலமா வீங்கியிருந்துச்சு மாமா. ஒரு வாரம் கத்திரிக்கோல் பிடிக்க முடியல. என்னம்மான்னு கேட்டேன். பஸ் கம்பியில இடிச்சுக்கிட்டேன்னு சொன்னா."

கதவைத் திறந்துகொண்டே, "உங்க பேரைக் கெடுக்க வேண்டாம்னு நினைச்சிருப்பா" என்றாள்.

கதவு மூடியது. அவர் இன்னும் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தார்.