‘சும்மா’ என்று எழுதிய பெட்டி

மாதையன் இறந்த செய்தி வந்தபோது நான் இருட்டறைக்குள் இருந்தேன். ஒரு கல்யாண ஜோடியின் படம் பதிந்த கண்ணாடித் தட்டு டெவலப்பர் கரைசலில் கிடந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். “கதவைத் தொடாதே!” என்று கத்தினேன். அந்த நேரத்தில் கதவு திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் பாழ். வெளியே நின்றவர் மொரப்பூர் பஸ் கண்டக்டர். மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிட்டார்.

“சின்னசாமிண்ணா, உங்க கூட்டாளி மாதையன் தவறிட்டாருங்க. காத்தால அவங்க வூட்ல சொல்லியனுப்பினாங்க. வண்டி திரும்பப் போவுது, கெளம்பி வாங்க.”

என் கை தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தது. சிவப்பு விளக்கில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி கறுப்பாக எழுந்து வந்தது. அதைக் கழுவி, ஹைப்போ உப்புக் கரைசலில் போட்டு, நேரம் எண்ணி முடித்த பிறகுதான் கதவைத் திறந்தேன். ‘அவராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்’ என்று அவரை அறிந்த நண்பர்கள் எனக்கு ஆறுதல் சொல்லலாம். செய்திருக்க மாட்டார். கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடியிருப்பார். மாப்பிள்ளை வீட்டாரிடம் நான்தான் பேச்சு வாங்கியிருப்பேன். பதினைந்து வருஷமாக எங்கள் ஸ்டூடியோ அப்படித்தான் நடந்தது.

தருமபுரியில் அந்த ஸ்டூடியோவை நாங்கள் இருவரும் சேர்ந்து தொடங்கினோம். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். படம் எடுப்பது அவர் வேலை. இருட்டறையும், தட்டில் பென்சில் வைத்து முகத்தைத் திருத்துவதும், சாமி படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவதும் என் வேலை. வாடிக்கைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்பதும் என் வேலைதான். அதை மட்டும் நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

மொரப்பூரில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவரை நாற்காலியில் உட்கார வைத்து, நெற்றியில் திருநீறு பூசி, தலை சாயாமல் துண்டால் கட்டியிருந்தார்கள். வத்தல்மலைக்குச் சாமைக் கதிர் படம் எடுக்கப் போனவர் மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்திருக்கிறார். நாலே நாள். அவருடைய மாமா என்னைப் பார்த்ததும், “கேமரா கொண்டாந்தீங்களா? நீங்க ஒண்ணு எடுத்துட்டா தூக்கிடலாம். கண்ணைத்தான் நீங்க தொறந்துடுவீங்களே” என்றார்.

அவர் சொன்னது உண்மை. உயிரோடு இருக்கும்போது படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவர்கள், இறந்த பிறகு முதல் வேலையாக எங்களைத்தான் கூப்பிடுவார்கள். படத்தில் மூடிய கண்களின் மேல் பென்சிலால் விழி வரைந்து, அவர்கள் பார்ப்பது போல ஆக்கித் தருவேன். இந்தத் தாலுகாவில் நான் கண் திறந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. மாதையனுக்கு அது பிடிக்காது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம், “உசுரோட இருந்தப்ப ஒரு நாளு கூப்பிட்டிருக்கக் கூடாதா சின்னு இவுங்க?” என்பார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. எனக்கு அலுத்துப் போயிருந்தது. ஆனால் அன்றைக்கு அந்த நாற்காலிக்கு முன்னால் நின்றபோது வேறு எதுவும் காதில் விழவில்லை.

“வேணாம் அண்ணி” என்று அவர் மனைவி பாப்பம்மாளிடம் சொன்னேன். “அண்ணன் சிரிக்கிற படம் ஒண்ணு தட்டுல இருக்குது. கருமாதிக்குள்ள கொண்டாந்து தரேன்.”

“சிரிக்கிறதா இருக்குதுங்களா தம்பி? அப்ப அதே போதும்” என்றார் அவர். மாமா முணுமுணுத்தார். மாதையனைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தோம்.

அந்தப் படத்தை எடுத்தவன் நான். என் வாழ்நாளில் நானாக எடுத்த படம் அது ஒன்றுதான். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு, மொரப்பூர்ப் பக்கம் ஒரு கிணற்றடி. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதை எடுக்கிறேன் என்று மாதையன் அரைமணி நேரம் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். தட்டைப் பொருத்திவிட்டு நிமிர்ந்த சமயத்தில் ஒரு கன்றுக்குட்டி வந்து துணியைக் கவ்விக்கொண்டு ஓடியது. அவர் துரத்திப் போய் மறுமுனையைப் பிடித்தார். அது இழுக்க, இவர் இழுக்க, சிரிப்பு தாங்காமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் கேமராவைத் திருப்பி படம் பிடிக்கும் ரப்பர் பந்தை அமுக்கினேன். அந்தத் தட்டை எடுக்கும்போது என் அவசரத்தில் ஒரு மூலை உடைந்தது. கழுவிக் காட்டியதும் அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “அடடா, கன்னுக்குட்டி எவ்ளோ நல்லா வந்திருக்குது பாரு!” என்றார். தன்னைப் பார்க்கவே இல்லை. பிரிண்ட் போட வேண்டாம், பேப்பர் வீண் என்று சொன்னவனும் நான்தான்.

அவரிடம் எனக்கு எரிச்சலூட்டிய விஷயம் இதுதான். மனிதர்கள் சட்டை மாற்றி, தலை வாரி, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் பக்கத்தில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பண்ணைக்கார வீட்டில் குடும்பப் படத்துக்கு இருபத்திரண்டு பேர் பட்டும் நகையுமாக வெயிலில் காத்திருந்தார்கள். ஆளைக் காணோம். களத்தில் தேடிப் பிடித்தேன். ராகிக் குவியலின் மேல் சிட்டுக்குருவிகள் இறங்குவதற்காகக் குப்புறப் படுத்துக் காத்திருந்தார். நான் கத்தியதற்கு, “அவுங்க எங்க போயிடப் போறாங்க சின்னு? இந்த வெயிலுதான் போயிடும்” என்றார். நாங்கள் திரும்பி வருவதற்குள் பெரியவர் கோபித்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். குழந்தைகள் நகையோடு சேற்றில் இறங்கியிருந்தார்கள். இவர் அந்தச் சேற்றையும் ஒரு படம் எடுத்தார்.

யுத்தத்தின்போது தருமபுரி வழியாக ஓடிய சின்ன ரயிலின் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. அதைப் படம் எடுத்துத் தரச் சொல்லிப் பலர் கேட்டிருந்தார்கள். மாதையன் முதுகைத் திருப்பிக்கொண்டு, தண்டவாளக் கட்டைகள் கிடந்த பள்ளத்தில் முளைத்த புல்லை மேயும் வெள்ளாட்டை எடுத்துக்கொண்டு வந்தார். “ரயில் போனது எல்லாருக்கும் தெரியும். ஆடு வந்தது யாருக்கும் தெரியலியே” என்று எனக்கு விளக்கம் வேறு. ஆட்டின் படத்தை வாங்க ஆடா வரும்?

இப்படி எடுத்தவற்றைப் போட்டுவைக்க ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார். மேலே சுண்ணாம்பால் ‘சும்மா’ என்று எழுதியிருக்கும். அதுவும் வத்தல்மலையில் கிடைத்த பெயர். சாமை புடைத்துக்கொண்டிருந்த ஓர் ஆயா, “என்னாத்துக்குப்பா என்னைய எடுக்கற?” என்று முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். மாதையன் ஏதாவது பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். “சும்மாதான் ஆயா” என்றார். “சும்மாவா? அப்ப எடுத்துக்க, காசு கீசுன்னா ஒத்துக்க மாட்டேன்” என்று அந்த அம்மாள் மறுபடி புடைக்கத் தொடங்கினார். மலையை விட்டு இறங்கும் வரை மாதையன் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குக் கால் வலி.

யுத்தம் முற்றியபோது தட்டுகள் வருவது நின்றுபோயிற்று. சட்டத்துக்குப் போடும் கண்ணாடியும் கிடைக்கவில்லை. இருந்த ஒரே ஒரு தட்டை, மாற்றலாகிப் போகும் ஓர் அதிகாரிக்காக வைத்திருந்தோம். அவர் வரவிருந்த அன்று காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. தெருவில் வண்டித்தடத்தில் தேங்கிய தண்ணீரில் வானம் தெரிந்ததாம். மாதையன் அந்தத் தட்டில் அதை எடுத்துவிட்டார். அதிகாரி மாலையும் கழுத்துமாக வந்து, சிரித்த முகத்தோடு உட்கார்ந்துவிட்டு, வெறுங்கையோடு போனார். அவர் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அன்று பிற்பகல் நான் ஒரு காரியம் செய்தேன். சும்மாப் பெட்டியின் மூடியைப் பிடுங்கி எறிந்தேன். சோடா உப்புப் போட்ட வெந்நீரில் தட்டுகளை ஒவ்வொன்றாக முக்கினேன். படம் வழவழவென்று தோலாகக் கழன்று வந்தது. ஒன்றைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. ஆடும் குட்டையும்தானே! முப்பதுக்கு மேல் நல்ல கண்ணாடி தேறியது. முருகனுக்கும் லட்சுமிக்கும் அவற்றைச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். மாதையன் காலிப் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூடியைத் தேடியெடுத்து மாட்டிப் பரணில் வைத்தார். மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தார்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் ‘குடும்பம்’ என்று எழுதிய பெட்டியைத் திறந்தேன். அவர் சிரிக்கும் தட்டை நான்தான் அதில் வைத்திருந்தேன், நன்றாக நினைவிருக்கிறது. இல்லை. மற்ற பெட்டிகளிலும் இல்லை. மூன்று நாள் தேடினேன். கடைசியில், இருக்காது என்று தெரிந்தும், பரணிலிருந்து சும்மாப் பெட்டியை இறக்கினேன். மூடியின் உள்பக்கம் முழுக்கப் பென்சிலால் நெருக்கி எழுதியிருந்தது. அத்தனை வருஷமாக அதில் என்னென்ன வைத்தார் என்று குறித்து வந்திருக்கிறார். நான் அதைப் பார்த்ததே இல்லை. நடுவில் ஒரு வரி: ‘கன்னுக்குட்டி, கறுப்புத் துணியோடு. மூலை உடைந்தது.’

அவருக்கு அது கன்றுக்குட்டிப் படம். அதனால் குடும்பப் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் பெட்டியில் சேர்த்திருக்கிறார். நான் வெந்நீரில் முக்கியிருக்கிறேன். நாற்காலியில் இருந்தவரை எடுக்கவும் விடவில்லை. இனி எதை வைத்துக் கண் திறப்பேன்?

கருமாதிக்கு முந்திய நாள் மூடியை எடுத்துக்கொண்டு மொரப்பூர் போனேன். பாப்பம்மாளிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைக் காட்டினார். வேல் நுனிக்கு மேலே கண்ணாடியின் மூலை உடைந்திருந்தது.

“அவருக்குத் தெரியுங்க தம்பி. நீங்க சட்டம் போட்டு வெச்சதுல இத எடுத்தாந்து மாட்டுனாரு. ‘பாத்துத் தொடை, இதுல முன்ன ஒரு கன்னுக்குட்டி இருந்துச்சு’ன்னாரு. ஏதோ வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு இருந்துட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அண்ணி!”

“எனக்கு மட்டும் வெளங்கச் சொன்னாரா?” அவர் குரல் உயர்ந்தது. “கூடவே இருந்தீங்க, நாலு வார்த்த பேசித் தொலச்சிருக்கக் கூடாதா ரெண்டு பேரும்? நாளைக்கு எம் பேரப் பசங்க தாத்தா எப்பிடி இருந்தாருன்னு கேட்டா இந்த வெறுங் கண்ணாடியக் காட்டுறதா?”

அப்புறம் அவரே மூக்கைச் சிந்திக்கொண்டு, “அதுல என்னா எழுதியிருக்குது, படிங்க” என்றார். படித்தேன். “நாளைக்கு எல்லாரும் வந்ததுக்கப்புறம் படிங்க. படத்துக்குப் பதிலா அதாச்சும் இருக்கட்டும்” என்றார்.

கருமாதியன்று, படம் இருக்க வேண்டிய இடத்தில் விளக்கை மட்டும் ஏற்றி வைத்து, நான் மூடியைப் பார்த்து வாசித்தேன். ‘மழை நின்றதும் பஸ் கண்ணாடி. வெற்றிலை இடிக்கும் கை. ராகிக் களத்தில் சிட்டு, ஏழு. பண்ணை வீட்டுப் பிள்ளைகள் சேற்றில். ஸ்டேஷன் வேப்பமரம், காற்று. தண்டவாளம் போன இடத்தில் ஆடு.’ ஒருவர் எழுந்து, “அது எங்க வூட்டு ஆடுங்க” என்றார். இன்னொருத்தி, வெற்றிலை இடித்தது தன் அம்மா என்று அழுதாள். அழுகிற முகத்தோடு சிலர் சிரித்தார்கள். மாமா மட்டும், “படம் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னதும் சரிதான்.

கடைசி வரியை நான் கூட்டத்தில் வாசிக்கவில்லை. பாப்பம்மாளிடமும் சொல்லவில்லை. இப்போது, அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன். நான் பார்க்காத சமயத்தில் எடுத்து, எனக்குத் தெரியாமல் இருட்டறையில் அவரே கழுவி வைத்திருக்கிறார். எப்போது எடுத்தார், எந்தச் சண்டைக்குப் பிறகு எடுத்தார், எதுவும் தெரியாது. அதையும் நானே வெந்நீரில் முக்கியிருக்கிறேன்.

‘சின்னு, கோபமாக. ஜன்னல் பக்கம். நல்ல வெளிச்சம்.’

பாப்பம்மாள் மூடியை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மாதையனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு பலகைதான். போன வாரம் கடையில் யாரும் இல்லாதபோது அந்த ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தேன். மாலை வெயில் சாய்வாக வந்து விழுந்தது. பதினைந்து வருஷம் அங்கேதான் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன், கவனித்ததில்லை. நல்ல வெளிச்சம்தான், மாதண்ணா. கோபமும் அப்படியே இருக்கிறது. எடுக்கத்தான் ஆள் இல்லை.